ஏர் படாத காடு

மார்கழிக் கடைசி நாள் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் ஒரு பிடியாகச் சேர்த்துக் கட்டி, வாசல் நிலையில், மாட்டுக் கட்டுத்தரையில், கிணற்று மேட்டில், காட்டு மூலையில் எல்லாம் சொருகிவிட்டு வருவோம். நான் சிறுவனாக இருந்தபோது இதற்குக் காசு கொடுத்த நினைவே இல்லை. அப்பாரு (தாத்தா) சாயங்காலம் மாட்டைப் பார்த்துவிட்டு வரும்போதே ஒரு சுமை ஆவாரையும் பூளையும் தோளில் கொண்டுவந்து திண்ணையில் போட்டுவிடுவார். இப்போது காங்கயத்தில் ரோட்டோரம் சாக்கை விரித்துக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். நானும் வாங்குகிறேன். சுற்றிலும் இவ்வளவு நிலத்தை வைத்துக்கொண்டு ஆவாரம்பூவை விலைக்கு வாங்குகிறோமே என்று ஒரு வருடம் உறைத்தது. அந்தச் சுமை எங்கிருந்து வந்ததோ அந்தக் காட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வெளியூர்க்காரர்களுக்காக முதலில் ஒரு சொல் விளக்கம். கொங்கில் காடு என்றால் வனம் அல்ல. கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், வானம் பார்த்தது காடு. “மேக்கால நாலு ஏக்கர் காடு கெடக்குதுங்க” என்று ஒருவர் சொன்னால் மானாவாரிப் புன்செய் என்று பொருள். அந்தக் காட்டில் ஒரு வகை கொறங்காடு. சிலர் கொரங்காடு என்றும் எழுதுவார்கள். பயிர் வைக்காமல், புல்லும் பூச்செடியும் மரமும் தானாக வளர விட்டு, சுற்றிலும் உயிர்வேலி அடைத்து, மாடும் செம்மறியும் மேய்வதற்கென்றே வைத்திருக்கும் நிலம். ஊர்ப் பொது மேய்க்கால் இதில் சேராது. இது ஒவ்வொரு குடும்பத்தின் சொந்தப் பட்டா நிலம். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி என்று மழை மறைவுப் பகுதி நெடுக இதைப் பார்க்கலாம். வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இங்கே மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும்.

ஒரு கொறங்காட்டின் அமைப்பு இப்படி இருக்கும். ஓரத்தில் கிளுவை வேலி. கிளுவைப் போத்தை, அதாவது கிளையை, வெட்டி மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும், சில வருடங்களில் ஆட்டுக்குட்டிகூட நுழையாத அளவுக்கு முள்ளாகப் பின்னிக்கொள்ளும். உள்ளே போக ஒரு படல், குச்சியால் கட்டிய கதவு. நடுவில் இடைவெளி விட்டு வெள்வேல மரங்கள். வெயிலுக்கு நிழல், கோடையில் உதிரும் நெற்று ஆட்டுக்குத் தீனி. ஆடு தின்ற நெற்றின் விதை புழுக்கையோடு விழுந்து அடுத்த மரத்துக்கு வழி பண்ணும். தரையில் கொழுக்கட்டைப் புல். ஐந்து மாதம் மழையில்லாமல் காய்ந்து நரைத்துக் கிடந்தாலும் தூர் சாகாது. ஒரு நல்ல மழை பெய்த வாரத்தில் பச்சை ஏறிவிடும். (இதே புல்லை ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளில் ஆக்கிரமிப்புக் களை என்று விரட்டுகிறார்கள். ஓர் ஊரில் மாட்டுக்குச் சோறு, இன்னோர் ஊரில் பகை. எந்தச் செடியையும் நல்லது கெட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்குத் தயக்கம் வந்தது இதனால்தான்.)

புல் மட்டும் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. மழை விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காலை நேரத்தில் உள்ளே போய்க் குனிந்து பார்க்க வேண்டும். நின்று பார்த்தால் தெரியாது. கொழுஞ்சியின் ஊதா, விஷ்ணுகிராந்தியின் சட்டைப் பொத்தான் அளவு நீலம், தும்பையின் வெள்ளை, நரிப்பயற்றின் மஞ்சள், தரையோடு தரையாகப் படர்ந்த செப்புநெருஞ்சியின் சிவப்பு. துத்தி மட்டும் பொழுது சாயும்போதுதான் விரியும். வேலியில் வேலிப்பருத்தியும் கோவையும் பிரண்டையும் ஏறியிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் கிளுவை முள்ளுக்கு நடுவே கண்வலிப்பூ, அதாவது செங்காந்தள், நெருப்புப் பிடித்ததுபோல நிற்கும். அதுதான் தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர்ப் பக்கம் பந்தல் போட்டு விதைக்காக இதைப் பயிரே செய்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கால்ச்சிசின் மூட்டுவாத மருந்துக்குப் போகிறது. பயிர்க்காட்டில் காலை வேளையில் ஆட்கள் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைப்பதைப் பார்க்கலாம். வேலியில் இருப்பதற்கு அந்த வேலையைப் பட்டாம்பூச்சி கூலியில்லாமல் செய்துவிடும்.

இப்படிப் புல்லும் பல வகைப் பூச்செடிகளும் கலந்து, நெடுநாள் உழாமல், மேய்ச்சலிலேயே நிலைத்த நிலத்தைப் பூம்புல்வெளி என்று சொல்லலாம். உலகின் பல பகுதிகளில் விவசாய நிலத்துக்குள்ளேயே இது இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களில் இருந்த தாழ்நிலப் பூம்புல்வெளிகளில் சுமார் 97 சதவீதம் 1984க்குள் போய்விட்டது என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அங்கே தின்றது உழவும் உரமும். இங்கேயும் அவைதான், கூடவே லேஅவுட்டும் சோலார் தகடும்.

இனி, உழுதால் என்ன ஆகும்?

நம் காதில் விழுந்து வளர்ந்ததெல்லாம் உழவின் பெருமைதான். கோடை உழவு நல்லது, ஆழ உழு, அகல உழு. பயிர்க்காட்டுக்கு அதில் நியாயம் உண்டு. கொறங்காட்டின் கதை வேறு. மேலே தெரியும் செடியைவிடக் கீழே இருப்பது அதிகம். கொழுக்கட்டையின் வேர் பல அடி இறங்கும். கண்வலிக்குக் கிழங்கு. ஆவாரைக்கு ஆணிவேர். வேர்களைச் சுற்றி நூலைவிட மெல்லிய பூஞ்சை இழைகள் ஓடி, தூரத்து ஈரத்தையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) செடிக்குக் கொண்டுவந்து தந்துவிட்டு, பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. எறும்பு, கறையான், மண்புழு, சாணி உருட்டும் வண்டு தோண்டிய வழிகளில்தான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இதில் ஒரு பகுதி ஒரு பருவத்தில் உண்டானது, ஒரு பகுதி நம் அப்பாரு காலத்தில் உண்டானது.

டிராக்டரின் சட்டிக்கலப்பை இதைப் புரட்டிப் போடுகிறது. ரொட்டோவேட்டர் பொடிப்பொடியாக நறுக்குகிறது. பூஞ்சை இழை அறுகிறது, கிழங்கு வெயிலில் காய்கிறது, மேலே இருந்த விதை முளைக்க முடியாத ஆழத்துக்குப் போகிறது. இருட்டில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த மக்குக்குத் திடீரென்று காற்றுப் படுகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாக வெளியே விட்டுவிடுகின்றன. அந்தத் தின்னும் வேகத்தில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மொத்தமாக அவிழ்கிறது. அதனால்தான் புதிதாக உடைத்த காட்டில் முதல் வருடம் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். “பூமி நல்ல தெம்பா இருக்குது” என்பார்கள். உண்மையில் அது சேமிப்பை உடைத்துச் செலவு செய்யும் தெம்பு. மூன்றாவது நான்காவது வருடத்தில் யூரியா மூட்டை இல்லாமல் ஓடாது.

பிறகு அதே நிலத்தை மறுபடி சும்மா விட்டால் பழைய பூக்கள் வந்துவிடுமா என்று கேட்பார்கள். முதலில் வருவது பார்த்தீனியம் என்ற களை. கலைந்த மண் அதற்கு அழைப்பிதழ் மாதிரி. 1950களில் புனே பக்கம் தலைகாட்டிய செடி நம் வரப்பு வரைக்கும் வந்து சேர்ந்ததற்கு, வேர் இல்லாத வெற்று மண் எங்கும் கிடைத்தது ஒரு முக்கியக் காரணம். கொழுக்கட்டையை விதை தூவிச் சில வருடத்தில் மீட்டுவிடலாம். மீட்டவர்கள் இருக்கிறார்கள். சின்னப் பூச்செடிகளும் மண்ணுக்குள் இருந்த கூட்டமும் திரும்ப எவ்வளவு நாளாகும் என்றால், ஆண்டுக்கணக்கு போதாது, தலைமுறைக் கணக்கில் பேச வேண்டும்.

பெரியவர்கள் கொறங்காட்டை உழவே இல்லையா என்றால், சில வீடுகளில் உழுததுண்டு. புல் மிகவும் இறுகிப்போனால் பல வருடத்துக்கு ஒரு தடவை மரக்கலப்பையால் லேசாகக் கீறிச் சோளம் தூவி, அறுத்ததும் திரும்பவும் புல்லுக்கு விட்டுவிடுவார்கள். மாட்டு ஏர் நாலு விரல் ஆழம் கீறும், மரத்தடியையும் பாறை ஓரத்தையும் சுற்றிப் போய்விடும், தப்பித்த தூர்களிலிருந்து எல்லாம் மறுபடி கிளம்பும். டிராக்டருக்குச் சுற்றிப் போகும் பொறுமை கிடையாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் “உழவே கூடாது” என்று பேசினால் ஊரில் எந்தப் பெரியவரும் நம்மை ஒரு பொருட்டாக மதிக்க மாட்டார்.

உரத்தைப் பற்றி இரண்டே வரி. காட்டுப்பூக்களில் பெரும்பாலானவை மெலிந்த மண்ணுக்குப் பழகியவை. உரம் போட்டால் நாலைந்து உயரமான புல்வகை மட்டும் கொழுத்து மற்றதை அமுக்கிவிடும். கொழுஞ்சி, நரிப்பயறு போன்ற அவரை இனச் செடிகள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும்.

சரி, பூவைக் காப்பாற்ற மாட்டை வெளியே துரத்திக் கேட்டைப் பூட்டிவிடலாமே? புதிதாக இந்த விஷயத்தைக் கேட்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. மேய்ச்சலை நிறுத்தினால் முதலில் புல் உயரமாக வளரும், அடியில் வெளிச்சம் படாமல் சின்னச் செடிகள் போகும், பின்னாலேயே சீமைக்கருவேலம் வரும். மாடு நாக்கால் சுருட்டி மேலாக அறுக்கும். செம்மறி தரையை ஒட்டிக் கடிக்கும். இரண்டும் மாறி மாறி மேய்ந்த தரையில் உயரமும் குட்டையும் கலந்து எல்லாச் செடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் கிடைக்கும். குளம்பு பதிந்த பள்ளத்தில் விதை விழுந்து ஈரம் நிற்கும். காங்கயம் மாடு இந்தக் காட்டுப் புல்லில் வளர்ந்த மாடு என்று சொல்வோம். காடும் அந்த மாட்டின் வாயால் வளர்ந்ததுதான்.

ஆனால் அளவு உண்டு. பழைய முறையில் ஒரு குடும்பத்தின் நிலம் கிளுவை வேலியால் பல துண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு காட்டில் சில வாரம் மேய்ந்ததும் படலைக் கட்டிவிட்டு அடுத்ததற்கு ஓட்டுவார்கள். மழை விழுந்து புல் தலையெடுக்கும் நாட்களில் சில காடுகளுக்குள் மாட்டை விடவே மாட்டார்கள், விதை முற்றி உதிரட்டும் என்று. எங்கள் அப்பாருக்கு இதற்கென்று கணக்குப் புத்தகம் ஒன்றும் கிடையாது. படலோரம் நின்று பார்ப்பார். “இன்னும் பத்து நாள் போகட்டும் கண்ணு, வித்து உழுகல” என்பார், அவ்வளவுதான்.

இதெல்லாம் விவசாயிக்கு என்ன தரும் என்று கேட்பது நியாயமான கேள்வி. தீவனச் செலவு மிச்சம், சாணி, குட்டி, கன்று என்பது தெரிந்த பதில். தெரியாத பதில் ஒன்று உண்டு. அதை எனக்குப் புரியவைத்தது ஒரு முருங்கைத் தோட்டம்.

உறவில் மாமா ஒருவர். பரம்பரைக் கொறங்காடு ஆறு ஏக்கர். “மாப்ளே, சும்மா கெடக்குற காட்ட வெச்சு என்ன பண்றது? போரு போட்டு முருங்கை வெச்சா நாலு காசாவது கண்ணுல படும்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, மாடு வைத்திருந்த பங்காளிகள் ஒவ்வொருவராக விற்றுவிட்டார்கள், மேய்க்கவும் ஆளில்லை. ஜேசிபி வந்து வேலியை வழித்தது, பட்டுப்போன வெள்வேல மரங்களைப் பிடுங்கிக் குவித்தது, சட்டிக்கலப்பை ஓடியது. முருங்கை நன்றாக வளர்ந்தது, பூவும் கொத்துக்கொத்தாக எடுத்தது. “பூவெடுக்குது மாப்ளே, காய் மட்டும் அந்தளவுக்கு நிக்க மாட்டேங்குது” என்று அவர் சலித்துக்கொண்டபோது எனக்கும் காரணம் தெரியவில்லை. தண்ணீர், வெயில், சத்து என்று முருங்கைப்பூ உதிர நிறையக் காரணங்கள் உண்டு. அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது: முருங்கைப்பூவுக்கு மகரந்தம் கடத்துவதில் பெரிய ஆள், கட்டைவிரல் தடிமனில் கருகருவென்று ரீங்கரித்துக்கொண்டு வரும் மரவண்டு. கருவண்டு என்போமே, அதுதான். அது வண்டு இனமே இல்லை, தேனீ இனம். காய்ந்த மரக்கட்டையில் துளைபோட்டுத்தான் குடியிருக்கும். பட்டுப்போன வெள்வேலக் கொம்பும் படலின் பழைய குச்சியும் அதற்கு வீடு. முருங்கை பூக்காத மாதங்களில் ஆவாரையும் எருக்கும் அதற்குச் சோறு. மாமாவின் காட்டில் வீட்டையும் சோற்றையும் ஒரே நாளில் எடுத்துவிட்டிருந்தோம்.

தேனீ என்றதும் நமக்குக் கூடுதான் நினைவுக்கு வரும். உலகத்துத் தேனீ இனங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் கூடு கட்டாமல் மண்ணில் தனித்தனியாகக் குழி தோண்டி முட்டையிடுபவை. வயிற்றில் நீலக் கோடு போட்ட தேனீ ஒன்றைக் கத்தரிக்காய்ப் பூவில் பார்த்திருப்பீர்கள். கத்தரி, தக்காளிப் பூக்களின் மகரந்தம் உப்புக்குடுவைபோல நுனியில் ஓட்டை போட்ட பைக்குள் இருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் அது கொட்டும். வளர்ப்புத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலவரித் தேனீக்கும் மரவண்டுக்கும் தெரியும். ஆவாரம்பூவும் அதே மாதிரி அதிர்வுக்குத்தான் மகரந்தம் தரும். ஆக, ஆவாரை பூக்கும் மேட்டுக்காட்டில் வளரும் தேனீ, பக்கத்துத் தோட்டத்துக் கத்தரிக்கு வேலை செய்துவிட்டுப் போகிறது. அதன் குழி ஒரு சாண் ஆழத்தில் இருந்தால் ரொட்டோவேட்டர் ஒரு நடையில் முடித்துவிடும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் உழுகிறார்கள்? மாமா கதையிலேயே பாதி பதில் இருக்கிறது. கிணற்று ஏற்றமும் மாட்டு வண்டியும் போனபின் மாட்டுக்கு வேலை போயிற்று, மாட்டோடு காட்டுக்கும் வேலை போயிற்று. போர்வெல்லும் சொட்டுநீரும் வந்து மேட்டாங்காட்டையும் தோட்டமாக்க முடிந்தது. காற்றாலைக்கும் சோலாருக்கும் சைட்டுக்கும் நல்ல விலை. 2017இல் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடே தெருவுக்கு வந்தபோது காங்கயம் காளையின் படம் இல்லாத சுவரில்லை. அந்தக் காளை மேய்ந்த காட்டுக்காக யாரும் பத்து நிமிடம் உட்காரவில்லை. எனக்கு இதில் ஆதங்கம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

இன்னொரு பாதி, கணக்கேட்டில் இருக்கிறது. இந்தியாவில் நிலப் பயன்பாட்டை ஒன்பது வகையாகப் பிரித்துக் கணக்கெடுக்கிறார்கள். அதில் ஒரு வகை, ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பயிர் வைக்காமல் கிடக்கும், ஆனால் பயிரிடக்கூடிய நிலம். அதற்கு இட்டிருக்கும் பெயரிலேயே வீண் நிலம் என்ற சொல் இருக்கிறது. நிரந்தர மேய்ச்சல் நிலம் என்று தனி வகையும் இருக்கிறது என்றாலும், நம் மனதில் அது பொது மேய்க்காலுக்கு உரியது. பட்டா நிலத்தில் உழாமல் கிடப்பது தரிசு என்றுதான் வாயில் வரும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே ஐந்து ஆண்டுதான் வரம்பு. அங்கே ஐந்து ஆண்டுக்கு மேல் பயிர்ச் சுழற்சியில் சேராமல் புல்லாகவே இருந்த நிலத்துக்கு நிரந்தரப் புல்வெளி என்று பெயர். விவசாய மானிய விதிகளின்படி அதன் பரப்பு பெரிதாகக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இயற்கைப் பாதுகாப்பு வலயத்துக்குள் உள்ள சில புல்வெளிகளை உழவே கூடாது. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டு விதிகளின்படி, 15 ஆண்டாக உழாத நிலத்தில் 2 ஹெக்டேர் அளவுக்கு மேல் சாகுபடியைத் தீவிரப்படுத்த வேண்டுமானால் முதலில் சூழல் அதிகாரிகளிடம் கேட்க வேண்டும். ஒரே ஐந்து வருடம். ஓர் ஏட்டில் வீண், இன்னோர் ஏட்டில் சொத்து.

அதற்காக அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அங்கேயே, ஐந்தாவது வருடம் வந்தால் உழும் உரிமை போய்விடுமே என்று பயந்து நாலாவது வருடமே புல்லை உழுதுவிடும் ஆட்கள் உண்டு. நம் ஊரில் “உன் பட்டா நிலத்தை நீ உழக் கூடாது” என்று சொன்னால் மறுநாளே டிராக்டர் இறங்கும். உழாமல் வைத்திருப்பவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஏதாவது கிடைத்தால் படல் திறக்காமல் இருக்கும். அரசு மானியம் கொடுத்துத் தரிசை உழ வைக்கும்போது, இது தரிசா கொறங்காடா என்று ஒரு தடவை நேரில் பார்த்தாலே பாதி காப்பாற்றப்படும். காங்கயம் பக்கத்துக் குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை மாட்டோடு சேர்த்துக் கொறங்காட்டைப் பற்றியும் பேசி வருவதால் இந்தச் சொல்லாவது ஊருக்கு வெளியே தெரிந்திருக்கிறது.

உங்களிடம் ஒரு துண்டுக் காடு இருந்தால் என்ன செய்யலாம்? எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். உழுதே ஆகவேண்டும் என்றால் வேலியை ஒட்டி நாலைந்து அடி விட்டுவிடுங்கள். பாறைத் திட்டு, மரத்தடி, மண் ஆழமில்லாத மூலை, இவற்றில் விளைச்சல் எப்படியும் வராது, பூ வரும். பட்டுப்போன ஒரு மரத்தையாவது நிற்க விடுங்கள், மரவண்டு வந்து சேரும். இட்டேரிக்கு, அதாவது இரண்டு வேலிக்கு நடுவே ஓடும் அந்தப் பழைய வண்டித்தடத்துக்கு, களைக்கொல்லி அடிக்காதீர்கள். காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே கௌதாரியும் கீரியும் பட்டாம்பூச்சியும் நடமாடும் வழி அது ஒன்றுதான். மாடு இல்லாதவர், மாடு வைத்திருக்கும் பக்கத்துக்காரருக்குக் கொறங்காட்டை மேய்ச்சல் குத்தகைக்கு விடலாம். பணம் பெரிதாக வராது, காடு காடாக இருக்கும். மாமாகூட இப்போது மேற்கோரத்தில் அரை ஏக்கரை உழாமல் விட்டிருக்கிறார். போன தடவை போனபோது கொழுஞ்சி கொஞ்சம் வந்திருந்தது, பார்த்தீனியம் அதைவிட அதிகமாக வந்திருந்தது. பூக்கும் முன்னால் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

காடே இல்லாதவர்கள் பார்க்கவாவது போகலாம். கார்த்திகையில் மழை விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து, காலை எட்டு மணிக்குள். வெள்ளகோவிலிலிருந்து மூலனூர்ப் பக்கம் போகும் ரோட்டில் கிளுவை வேலி தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, யாராவது இருந்தால் “உள்ள போய்ப் பாத்துக்கலாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போங்கள். வேண்டாமென்று சொன்னவர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. மெதுவாக நடங்கள். வரும்போது படலை மறக்காமல் இழுத்துக் கட்டிவிடுங்கள்; கன்று வெளியே போய்விட்டால் பொழுதுக்கும் தேட வேண்டியிருக்கும்.